பாவு காயும் நேரம்

குப்புராஜுக்குத் தறிக்குழி ஆகவே ஆகாது. பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நாலு இழை ஓட்டுவதற்குள் உடம்பெல்லாம் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். தண்ணீர் குடிக்க எழுந்து போவான். வந்து உட்கார்வான். வெளியே என்ன சத்தம் என்று பார்க்க மறுபடியும் எழுந்து போவான். ஆரணியில் பட்டுத்தறி இருக்கிற வீட்டில் பிறந்தவன் மீசை முளைப்பதற்குள் ஊடு நூல் சுமக்கிற நாடாவை ஓட்டக் கற்றுக்கொண்டுவிடுவான். இவனும் கற்றுக்கொண்டான். கை கற்றுக்கொண்டது, கால் கற்றுக்கொள்ளவில்லை.

அண்ணன் லோகநாதன் நேர் எதிர். அப்பா போன பிறகு வீட்டில் இருந்த ஒற்றைத் தறியையும் தம்பியையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டவர். காலையில் குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுப்பது அண்ணி பொன்னியம்மாள். இருவரும் நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அந்த வீட்டில் இவன் எப்படிப் பிறந்தான் என்பது தெருவுக்கே புரியாத விஷயம்.

"இன்னாடா இது, குந்தின எடத்துல ஒரு நாழி குந்த மாட்டியா?" என்பார் அண்ணன்.

"காலு மரத்துப் போவுதுண்ணா."

"குந்தாத காலு எப்பிட்றா மரத்துப் போவும்?"

அதற்குப் பதில் சொல்ல அவன் அங்கே இருந்தால்தானே. அதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பான். அங்கே நிற்கிற வண்டிகளின் பேர், அவை போகிற ஊர், எந்த டிரைவர் ஹாரனை எப்படி அடிப்பார் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். எழுபதுகளின் தொடக்கத்தில் மணவாளன் முதலாளியின் வண்டியில் கிளீனராக ஒட்டிக்கொண்டான். பிறகு கண்டக்டர் ஆனான். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, விரலிடுக்கில் டிக்கெட் கட்டு, வாயில் விசில். ஓடுகிற வண்டிக்குள் முன்னும் பின்னும் நடப்பது ஒரு வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு என்பதை அவனால் நம்பவே முடியவில்லை. தறியில் உட்காராதவனைக் கட்டி வைத்தா உட்கார வைக்க முடியும் என்று அண்ணன் விட்டுவிட்டார். தம்பிக்குக் காக்கிச் சட்டை தைக்கத் துணி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

இங்கே ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரணிக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ரயில் ஊருக்குள் வரவில்லை. காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகிற பாதை களம்பூர் வழியாகப் போய்விட்டது. அங்கே இருக்கிற ஸ்டேஷனுக்கு 'ஆரணி ரோடு' என்று பேர் வைத்துச் சமாதானம் சொல்லிவிட்டார்கள். பெண்ணைக் கொடுக்காமல் பெண்ணின் பேரை மட்டும் கொடுத்த கதைதான். ஜாகீர்தார் ஆட்சி போய், கோட்டை கரைந்து, ஊர் இரண்டே பொருளை நம்பிப் பிழைக்க ஆரம்பித்த காலத்திலிருந்து இந்தக் குறை அதிகமாகிக்கொண்டே வந்தது. ஒன்று பட்டு, ஒன்று அரிசி. பட்டு நூல் மைசூர்ப் பக்கமிருந்து வர வேண்டும், ஜரிகை சூரத்திலிருந்து வர வேண்டும், நெய்த புடவை காஞ்சிபுரத்துக்கும் மெட்ராசுக்கும் போக வேண்டும். அரிசியும் அப்படித்தான், மூட்டை மூட்டையாக வெளியே போனால்தான் மில் ஓடும். விளைவதும் நெய்வதும் இங்கே, விற்பது எங்கேயோ. நடுவில் இருப்பது சக்கரம். அதனால்தான் அந்த ஊரில் பஸ்ஸுக்கு அத்தனை மரியாதை.

குப்புராஜின் தெரு ஆற்றோரத்தில், ஊரின் கடைக்கோடியில் இருந்தது. இரண்டு பக்கமும் தறி வீடுகள். புடவை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வேகு வேகென்று நடக்க வேண்டும். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சியும் அப்படித்தான் நடப்பாள். ஆற்றுக்கு அக்கரைக் கிராமங்களிலிருந்து புறப்படுகிற மணவாளன் வண்டியோ, இந்தத் தெருவைத் தொடாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு களம்பூர் போகும். ஜன்னல் வழியாகத் தன் தெருமுனையைப் பார்க்கும்போதெல்லாம் குப்புராஜுக்கு வயிறு எரியும். தெருவுக்குள் நுழைந்து வெளியே வந்தால் பாதி தூரம் மிச்சம். களம்பூர் ஸ்டேஷனில் காலை பாசஞ்சரையும் நிதானமாகப் பிடிக்கலாம்.

முதலாளியை அவன் விடவில்லை. வண்டி கழுவுகிற இடத்தில், கணக்கு ஒப்படைக்கிற இடத்தில், கோயில் வாசலில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. மணவாளனுக்கே காது புளித்துப்போய், "பெர்மிட்டுக்கு எழுதிப் போடறேன், ஆள விடு" என்றார். ஆனால் தெரு சம்மதிக்க வேண்டும். அது சாதாரண விஷயமில்லை. ஏனென்றால் அந்தத் தெரு நடப்பதற்காகப் போட்ட தெரு இல்லை, பாவு நீட்டுவதற்காகப் போட்ட தெரு.

தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகள் மொத்தத்துக்கும் பாவு என்று பேர். விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்து, மூங்கில் கவைக்கால்களின் மேல் தாங்கி நிறுத்தி, அரிசிக் கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்துக் காயவைத்து, பிறகுதான் உருட்டி வீட்டுக்குள் எடுத்துப் போவார்கள். வெயில் ஏறினால் இழை முறுகிவிடும், அதனால் இளங்காலையில்தான் இந்த வேலை. வீட்டுக்கு ஒரு நாள் முறை. பாவு நிற்கிற நேரத்தில் குறுக்கே யாரும் போக மாட்டார்கள். கல்யாண ஊர்வலம் தெருமுனையில் மேளத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். சாவு விழுந்தால் பாடை பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். செத்தவனும் நெசவாளிதானே, அவனுக்குத் தெரியாதா என்பார்கள்.

கூடிப் பேசிய அன்று அய்யாக்கண்ணுதான் கேட்டார். தெருவில் வயதிலும் வாயிலும் மூத்தவர் அவர்.

"பஸ்ஸு வர்றது நல்லதுதாம்பா. பாவுக்கு இன்னா சொல்ற?"

"பாவு உருட்டின அப்பறந்தான் பஸ்ஸு தெருவுக்குள்ளயே நுழையும், பெரியப்பா. அதுக்கு நான் கேரண்டி."

அவன் கேரண்டியை யார் நம்புவது? ஒரு இடத்தில் நிற்காதவன். எல்லோரும் லோகநாதனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, "என் தம்பி சொல்றான். நான் பொறுப்பு" என்றார். அவ்வளவு நீளமாக அவர் சபையில் பேசியதே இல்லை. தெரு சம்மதித்தது.

தப்பு நடந்தது அதற்கு அடுத்துதான். எத்தனை மணிக்குத் தெரு காலியாகும் என்று முதலாளி கேட்டார். குப்புராஜுக்கு அன்று டூட்டி இல்லை, காலையில்தான் பார்த்திருந்தான், ஏழு மணிக்கெல்லாம் பாவை உருட்டிவிட்டுத் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். "ஏழு மணி" என்றான். அதுவே பேப்பரில் ஏறிவிட்டது. அப்போது சித்திரை மாதம். கஞ்சி தோய்த்த கை காய்வதற்குள் பாவு காய்ந்துவிடுகிற மாதம். பல வருஷங்களாக இருட்டோடு டூட்டிக்குப் போய் இருட்டோடு திரும்புகிறவன் அவன். மார்கழியில் தெரு எப்படி இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தான். தெருக்காரர்கள் 'உருட்டின அப்புறம்' என்பதைத்தான் காதில் வாங்கினார்கள். அவர்களுக்குப் பாவு காய்கிற நேரம்தான் நேரம், கடிகாரம் என்பது கல்யாண முகூர்த்தத்துக்கு இரவல் வாங்குகிற சாமான். இரண்டு தரப்பும் ஒன்றையே பேசியதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கலைந்தார்கள்.

பெர்மிட் வந்து, முதல் நாள் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டிரைவர் சாலமோன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு போனார். குப்புராஜ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு தெருவைக் கடந்தபோது ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. அண்ணன் வெளியே வரவில்லை. ஆனால் தறிச் சத்தம் நின்றிருந்ததை அவன் கவனித்தான். ஜன்னலில் நிழல் தெரிந்தது. அது போதும் அவனுக்கு.

ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் நன்றாகவே போயிற்று. புடவை மூட்டை வாசலிலேயே ஏறியது. களம்பூர் மில்களுக்குப் போகிற கூலியாட்கள், பள்ளிக்கூடம் போகிற ஜெபராணி டீச்சர், ஆஸ்பத்திரிக் கேஸ் எல்லாம் இதே வண்டியில். தெருமுனையில் ஒரு டீக்கடை முளைத்தது, அதன் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. அடைமழை நாட்களில் பாவே நீட்டுவதில்லை, அதனால் தொல்லையும் இல்லை. குப்புராஜ் தெருவில் நடந்தால் அய்யாக்கண்ணுவே எழுந்து பேசினார். உட்காராத காலால் ஒரு தெருவுக்கே வழி திறந்துவிட்டதாக அவனுக்கு ஒரு மிதப்பு வந்திருந்தது. அதில் தப்பும் சொல்ல முடியாது.

பிறகு மார்கழி வந்தது. ஆற்றங்கரைத் தெரு அல்லவா, பனி கூரையிலிருந்து சொட்டியது. ஏழு மணிக்கு வண்டி நுழைந்தால் பாவு அப்படியே ஈரமாக நின்றது. எட்டு மணி ஆகும், எட்டரைகூட ஆகும். சாலமோன் ஹாரன் அடித்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவு நிற்கும்போது கல்யாண ஊர்வலமே நிற்கிறது, பஸ் நிற்காதா? காய்ந்து, உருட்டி, கவைக்காலை ஓரம் கட்டிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. களம்பூர் போனபோது ரயில் போய்விட்டிருந்தது.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். வண்டிக்குள் மில் ஆட்கள் கத்தினார்கள். "இன்னா கண்டக்டரே, டெய்லி பேஜாராப் போச்சு. மில்லுல மேஸ்திரி திருப்பி அனுப்பறாரு." எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் ஜெபராணி டீச்சர் கைக்கடிகாரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசலில் நின்றவர்களும் சும்மா இல்லை. "உருட்டின அப்பறம் வர்றேன்னு சொன்னியே, ஏன் முன்னாடியே வந்து உறுமிகினு நிக்கிற?" என்றார்கள். குப்புராஜ் இறங்கி ஓடி அவர்களிடம் கெஞ்சுவான், ஏறி ஓடி இவர்களிடம் கெஞ்சுவான். நேரத்தைத் தள்ளிவைக்க வழியில்லை, ரயில் இவனுக்காக நிற்காது. முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு தடவை ரயில் தப்பினால் வண்டி பழையபடி ஊரைச் சுற்றும், தெருவுக்கு பஸ் கிடையாது.

வீட்டில் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"தறியில ஒரு வருசம் முழுசா குந்தியிருந்தீன்னா மார்கழி தெரிஞ்சிருக்கும் உனுக்கு."

"தப்பு ஆயிப்போச்சுண்ணா. இன்னா பண்ணலாம் சொல்லு."

"நான் இன்னாத்த சொல்றது. தெருவுல எனுக்குத் தலகாட்ட முடியல."

அவ்வளவுதான் பேசினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் குப்புராஜுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அண்ணன் முறை. அது அவனுக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்னால் முடித்துக் கொடுக்க வேண்டிய கல்யாணப் புடவைகளுக்கான பாவு, அரக்கு நிறம். வண்டி வந்து நின்றபோது அந்தச் சிவப்பு தெரு முழுக்க நீண்டு கிடந்தது, பனியில் கொஞ்சமும் காயவில்லை. அண்ணனும் அண்ணியும் இன்னும் நாலைந்து பேரும் இரண்டு பக்கமும் நின்று இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குள் ஒரே கூச்சல். ஒரு மில்காரர் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். சாலமோன் எஞ்சினை அணைத்துவிட்டு, "நீயே பேசிட்டு வா" என்றார்.

குப்புராஜ் இறங்கிப் போனான்.

"அண்ணா, கொஞ்சம் ஓரமா தூக்கி வெச்சுக்கலாமா? வண்டி போயிட்டா மறுபடி நடுவுல வெச்சுக்கலாம்."

"ஈரமா கீதுடா. அசைக்கக் கூடாது."

"ஒரு நிமிசம்ணா. ஜல்தியா வெச்சுடலாம்."

"தொடாத."

சொன்னது காதில் விழுந்தது. விழவில்லை என்று பிற்பாடு அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் கால் நிற்கவில்லை. முதல் கவைக்காலை அவனே தூக்கிச் சுவரோரம் வைத்தான். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. அவன் வைத்த வேகத்தைப் பார்த்து பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கி அவர்களும் தூக்கினார்கள். இழுத்துக் கட்டிய பாவு தொய்ந்தது. தொய்ந்த இடத்தில் கஞ்சி ஈரத்தோடு இழை இழையோடு ஒட்டிக்கொண்டது. அண்ணி "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டாள், அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் அந்தப் பாவு பாளம் பாளமாகச் சுருண்டு தொங்கியது. ஆனால் தெருவின் நடுவில் வழி இருந்தது.

சாலமோன் எஞ்சினை முடுக்கிவிட்டு, கண்ணாடியில் கண்டக்டரைப் பார்த்தார். குப்புராஜ் படிக்கட்டில் நின்று அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. தெருவில் குந்தி, ஒட்டிக்கொண்ட இழைகளை ஒவ்வொன்றாக நகத்தால் பிரிக்க ஆரம்பித்திருந்தார். அது பிரியாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். குப்புராஜ் இரட்டை விசில் கொடுத்தான். வண்டி போயிற்று.

அன்றைக்கு ரயிலைப் பிடித்தார்கள். ஜெபராணி டீச்சர் இறங்கும்போது "தேங்க்ஸ்" என்றாள். அந்த வார்த்தை நாள் முழுக்க அவனைக் குடைந்தது.

சாயந்திரம் வீட்டுக்குப் போனான். அண்ணி தட்டில் சோறு போட்டு வைத்தாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகும் அந்தத் தட்டில் கை வைக்க எந்த மனிதனால் முடியும்? இரண்டு சட்டையைச் சுருட்டிக்கொண்டு மணவாளன் ஷெட்டுக்குப் போய்விட்டான். வண்டியின் கடைசி சீட்டில் படுக்கை.

பேச்சு நின்றது. வழியில் எதிர்ப்பட்டால் அண்ணன் ஓரமாக ஒதுங்கி நடப்பார். தெருவும் முகம் கொடுக்கவில்லை. கண்டக்டர் வேலையில் ஒரு கெட்ட வசதி உண்டு, பேசாதவர்கள் வாசலையும் தினமும் கடந்தே ஆக வேண்டும். இனி யார் பாவையும் தொடுவதில்லை, ரயில் போனால் போகட்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டான். பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், அதற்குப் பிறகு வண்டியைச் சுற்றிவிடுகிறேன் என்றார் அவர். குப்புராஜுக்கு பஸ்கூட இரண்டாம் பட்சமாகிவிட்டிருந்தது. அண்ணன் மறுபடி ஒரு தடவை 'டேய் குப்பு' என்று கூப்பிட வேண்டும். அதற்காக எதையும் செய்யலாம் என்று இருந்தான்.

டூட்டி இல்லாத நேரமெல்லாம் ஊரை அலசினான். பாவு நீட்ட வேறு இடம் வேண்டும். ஆற்று மணலைப் பார்த்தான், காற்றடித்தால் மணல் ஈரப் பட்டில் அப்பிக்கொள்ளும். மாதா கோயில் வளாகத்தைப் பார்த்தான், சாமியார் தாராளமாகச் சரி என்றார், ஆனால் மரமெல்லாம் பனி சொட்டியது, போதாததற்குக் காக்கை எச்சம். பள்ளிக்கூட மைதானத்தில் ஆடு மேய்ந்தது. சந்தைத் திடல், கோட்டை மேடு, ஏரிக்கரை, எல்லாம் ஒவ்வொரு விதத்தில் உதவாது. ஓடி ஓடிச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கண்ணில் பட்டது, அவன் தினமும் கடந்து போகிற இடம்தான். களம்பூர் ரோட்டில் ஒரு ரைஸ் மில். அவித்த நெல்லைக் காயப்போடுகிற சிமெண்டுக் களம், தெருவைவிட நீளம். விடியற்காலையில் நெல் இன்னும் அவிந்துகொண்டிருக்கும், களம் காலி. பாய்லர் சுவரோரம் நின்றால் மார்கழியிலும் முதுகில் இதமாகச் சூடு படும். மேஸ்திரி பிலவேந்திரன் சாயந்திரம் அவன் பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்தான், தாமதத்துக்காக ஒரு முறை ஆட்களைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

"எங்க நெல்லு களத்துக்கு வர்றதுக்குள்ள காலி பண்ணிடணும். பாய்லரு பொகை கெழக்கால போவும், நீங்க மேற்கால நீட்டிக்குங்க" என்றார் பிலவேந்திரன். பிறகு கொஞ்சம் யோசித்து, "கஞ்சிக்கு நொய்யி எங்க வாங்கறீங்க?" என்று கேட்டார்.

"கடைத்தெருவுலதாங்க."

"இனிமே எங்ககிட்ட வாங்குங்க."

பேரம் அவ்வளவுதான். ஊர் நம்பிப் பிழைத்த இரண்டு பொருளும் அந்தக் களத்தில் கை குலுக்கிக்கொண்டன என்று யாராவது மேடையில் பேசியிருந்தால் குப்புராஜ் கைதட்டியிருப்பான். யாரும் பேசவில்லை. அய்யாக்கண்ணு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பாவைக் கொண்டுவந்து நீட்டிப் பார்த்தார். கதிர் முழுசாக ஏறுவதற்கு முன்னாலேயே காய்ந்துவிட்டது. இழையை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். அந்த வாரமே இன்னும் நாலு வீட்டுப் பாவு களத்துக்குப் போயிற்று. தைக்குள் தெருவே போயிற்று. மணவாளனும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் ஒரு டிரிப் கூடுதலாக விட்டார். மில் ஆட்களும் பாவுக்காரர்களும் அதில் போகலாம். ஏழு மணி வண்டி தடையில்லாமல் ஓடியது.

எல்லோரும் வந்தார்கள், லோகநாதன் மட்டும் வரவில்லை. பாழான பாவுக்குப் பதில் நூலுக்கு அலைந்து, புதிதாக ஒரு பாவு தயார் செய்வதற்கு அவருக்கு அத்தனை நாள் ஆகியிருந்தது. பாவு தயாரானதை அண்ணி கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னாள்.

"வெள்ளிக்கிழம எங்க பாவு, தம்பி. களத்துக்குத்தான் வரணும்னாரு."

"நெஜமாவா அண்ணி? அவரே சொன்னாரா?"

"தெரு காலியாத்தான கீது, இங்கியே நீட்டிக்கலாம்னு நான் சொன்னேன். வேணாம்னுட்டாரு."

அது ஏன் என்று குப்புராஜ் யோசிக்கவில்லை. வியாழக்கிழமை முழுக்க அவனுக்குக் கால் தரையில் இல்லை. வண்டியை இரண்டு தரம் கழுவினான். தெருவில் எங்கே நிறுத்த வேண்டும், பாவை எந்த சீட்டில் வைத்தால் குலுங்காது, ஏறியதும் அண்ணனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சாலமோனைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசினான். "ஏறினதும் கால்ல வுழுந்துடறேன்ணா. திட்டுனா திட்டட்டும்." சாலமோன், "மொதல்ல அவரு ஏறட்டும்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். வண்டி வீட்டு வாசலில் நின்றது. அண்ணன் பாவுச் சுருளைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் அண்ணி கஞ்சிப் பானையோடு. குப்புராஜ் குதித்து இறங்கிச் சுருளுக்குக் கை கொடுக்கப் போனான். அண்ணன் தோளைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு தானே ஏறினார். சுருளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வேட்டி மடிப்பிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டினார்.

"மில்லுக்கு ரெண்டு" என்றார். "இதுக்கு லக்கேஜ் உண்டுன்னா அதையும் சேத்துப் போட்டுக்கங்க."

குரலில் கோபம் இல்லை. பேருந்தில் ஏறுகிற எந்த மனிதரும் எந்தக் கண்டக்டரிடமும் பேசுகிற மாதிரிதான் பேசினார். இத்தனை நாள் எந்தக் குரலுக்காக ஊரைச் சுற்றினானோ அந்தக் குரல் வந்துவிட்டது. வந்த குரலில் தம்பிக்கு இடமில்லை.

"அண்ணா, உங்கிட்ட நான் எப்பிட்றா காசு..." என்று ஆரம்பித்தவனுக்கு நாக்குக் குழறியது. யாரை 'டா' போட்டோம் என்றுகூடத் தெரியவில்லை.

"போடுங்க கண்டக்டரே. பின்னாடி ஆளுங்க நிக்குறாங்க."

பின்னால் ஆட்கள் நின்றார்கள், உண்மைதான். மில்லில் நேரத்துக்கு உள்ளே போக வேண்டியவர்கள். குப்புராஜ் காசை வாங்கினான். இரண்டு டிக்கெட்டைக் கிழித்தான், லக்கேஜுக்கு ஒன்று கிழித்தான். அண்ணன் மூன்றையும் வாங்கி எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பினார். அண்ணி மட்டும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள்.

அதற்குப் பிறகும் குப்புராஜ் அதே வண்டியில், அப்புறம் அதே முதலாளியின் வேறு வண்டியில் என்று எண்பதுகள் முழுக்க ஓடினான். அவனுக்குக் கல்யாணம் ஆனபோது அண்ணனும் அண்ணியும் வந்து பெற்றோர் இடத்தில் நின்று செய்ய வேண்டியதை ஒரு குறை வைக்காமல் செய்தார்கள். ஊர் கண்ணுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. ஆற்றங்கரைத் தெருவில் தறிகள் கூடின, வாசலில் லாரி வந்து நின்றது. பஸ் கொண்டுவந்தவன் குப்புராஜ் என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குக்கூடச் சொல்வார்கள். அவன் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவான்.

லோகநாதனுக்குப் பாவு முறை வருகிற விடியற்காலைகளில் மட்டும் குப்புராஜ் டூட்டி மாற்றிக்கொள்ளப் பார்ப்பான். எல்லா நாளும் மாற்று ஆள் கிடைத்துவிடாது. அப்படிக் கிடைக்காத நாட்களில் அண்ணன் சுருளோடு ஏறுவார், சரியான சில்லறையை எடுத்து வைத்திருப்பார், ஒரு நாளும் தம்பியைக் காக்க வைத்ததில்லை. குப்புராஜ் கிழித்துக் கொடுப்பான்.